ஓநாயைக் கட்டியவர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

‘டாக்டர் ஹூ’ என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடரில் 1989இல் வந்த ‘தி கர்ஸ் ஆஃப் ஃபென்ரிக்’ கதையின் நான்கு பகுதிகளையும் பார்த்தேன். பழைய ஸ்காண்டிநேவியத் தொன்மமான நார்ஸில் வரும் ஃபென்ரிர் என்ற ஓநாயின் பெயரை வைத்துக்கொண்டு ஓநாயையே காட்டவில்லை. ஏமாற்றம். அதே தொன்மத்தை வைத்து நானும் ஒரு தொடர் எழுதுகிறேன். என் வில்லன் ஓநாயாகவே வருவான். அவனுடைய சக்திகளின் பட்டியலை இணைத்திருக்கிறேன், சரிதானா? நார்ஸ் தொன்மத்தை ஜெர்மானியத் தொன்மம் என்று சொல்லலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சொல்லலாம்; நார்ஸ் அந்த மரபின் வடக்குக் கிளை. சக்திப் பட்டியலை ஓரமாக வையுங்கள். ஓநாயைக் காட்டவில்லை என்று குறைப்பட்டீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. ஓநாயைப் பார்த்த நீங்கள் அதைக் கட்டிய கயிற்றைப் பார்க்கவே இல்லை.

13ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்துக்காரர் ஸ்னோரி ஸ்துர்லுசன் எழுதிவைத்ததை நிதானமாகப் படியுங்கள். சூழ்ச்சிக்காரன் லோகியின் பிள்ளையான அந்த ஓநாய்க் குட்டியைத் தேவர்கள் தங்கள் வீட்டிலேயே வளர்க்கிறார்கள். கிட்டே போய் இரை போடும் துணிச்சல் டியூர் என்ற தேவன் ஒருவனுக்குத்தான். அது வளர வளர, இதனால் நமக்குக் கேடு என்ற குறிகளை நம்பிப் பயப்படுகிறார்கள். லேடிங் என்ற தளையைப் பூட்டுகிறார்கள். ஒரே உதையில் அறுகிறது. இருமடங்கு வலுவான ட்ரோமியும் சிதறுகிறது. பிறகு குள்ளர்களைக் கொண்டு கிளெய்ப்னிர் செய்கிறார்கள். பூனையின் காலடி ஓசை, பெண்ணின் தாடி, மலையின் வேர், கரடியின் தசைநார், மீனின் மூச்சு, பறவையின் எச்சில்: இந்த ஆறும் சேர்ந்து, பட்டு நாடா போல வழவழவென்று ஒரு கட்டு. ஓநாய்க்குச் சந்தேகம் வருகிறது. இந்த மெல்லிய நாடாவை அறுத்து என்ன பேர் கிடைக்கும், இதில் சூது இருக்கிறது, யாராவது ஒருவர் கையை என் வாயில் வையுங்கள் என்கிறது. இரை போட்ட அதே டியூர் வலது கையை வைக்கிறான். உதைக்க உதைக்கக் கட்டு இறுகுகிறது. தேவர்கள் எல்லாரும் சிரிக்கிறார்கள், கையை இழந்த டியூரைத் தவிர.

அந்த ஓநாய் அதுவரை யாரையும் கடித்ததாக ஸ்னோரி சொல்லவில்லை!

இனி ‘டாக்டர் ஹூ’ கதைக்கு வாருங்கள். எழுதியவர் இயன் பிரிக்ஸ். கதை நடப்பது 1943இல், நார்த்தம்பிரியக் கடற்கரையின் கடற்படை முகாமில். அதன் வில்லன் ஃபென்ரிக்கைச் சதுரங்கப் புதிர் ஒன்றால் மடக்கிக் குடுவையில் அடைத்தவர் தொடரின் நாயகரான டாக்டர்தான். கடைசியில் அவனை வீழ்த்த, டாக்டரின் துணையாக வரும் ஏஸ் என்ற பெண் அவர்மேல் வைத்திருக்கும் நம்பிக்கையே தடையாக நிற்கிறது. அவளை மனம் ஊனமானவள் என்று முகத்துக்கு நேராகச் சொல்லி அந்த நம்பிக்கையை உடைக்கிறார். டியூரின் கை அதுதான், நண்பரே. ரோமமும் கோரைப்பல்லும் இல்லாமலே தொன்மம் முழுசாக வந்து நிற்கிறது. ஒன்றில் மட்டும் சறுக்கினார்கள்: ஃபென்ரிக்கைக் காலத்தின் தொடக்கத்திலிருந்தே தீமை என்று சொல்லிவிட்டதால், ஏமாற்றப்பட்டவனின் நியாயம் அவனிடம் இல்லை.

உங்களிடம் எழுத்து இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன். வில்லனை அவிழ்ந்த நிலையில் அறிமுகப்படுத்தாதீர்கள். கட்டுவதைக் காட்டாவிட்டால் அவன் வெறும் மிருகம். முதல் இரண்டு கட்டும் தோற்கட்டும், ஒவ்வொரு முறையும் அவன் சிரித்துக்கொண்டே இணங்கட்டும். மூன்றாவதில் தயங்கட்டும். பிணையாகக் கை நீட்டுபவன் அவனுக்குச் சோறு போட்டவனாக இருக்க வேண்டும். அந்த ஆள் உங்கள் கதையில் இன்னும் இல்லை. அவனை முதலில் எழுதி அனுப்புங்கள்.