சிசேரியன் முடிந்து ஒரு நாள் ஆகிறது. இன்னும் பால் ஊறவில்லை, குழந்தை அழுதுகொண்டே இருக்கிறது. சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கலாமா?

வேண்டாம். பால் ஊறவில்லை என்பதும் அநேகமாகச் சரியில்லை. மார்பு கனத்துப் பால் இறங்குவது பொதுவாக இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் நடுவில்தான். தலைப்பிரசவம், சிசேரியன், சர்க்கரை நோய் என்றால் இன்னும் கொஞ்சம் தள்ளும். அதுவரை இருப்பது சீம்பால். மஞ்சளாக, பிசுபிசுப்பாக, சொட்டுச் சொட்டாகத்தான் வரும். முதல் 24 மணி நேரத்தில் குழந்தை ஒரு வேளைக்குக் குடிப்பதே 2 முதல் 10 மில்லி. அதிகம் போனால் இரண்டு டீஸ்பூன்.

சங்கில் 30 மில்லி சர்க்கரைத் தண்ணீர் புகட்டினால் வயிறு நிரம்பித் தூங்கிவிடும். மார்பைச் சப்பாது. சப்பினால்தான் பால் சுரக்கவைக்கும் ஹார்மோனான ப்ரோலாக்டின் ஏறும். இல்லையென்றால் பால் இறங்குவது தள்ளிப்போகும். பிறகு "அப்பவே சொன்னேனே, பால் பத்தாதுன்னு" என்ற பேச்சு வீட்டில் கிளம்பும். சேனை தொட்டு வைக்கிறோம் என்று தேன் தடவுவது இன்னும் ஆபத்து: தேனில் இருக்கக்கூடிய கிருமி கைக்குழந்தைக்கு பாட்டுலிசம் என்ற, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நோயைத் தரலாம், ஒரு வயது வரை தேனே கூடாது. கழுதைப்பாலும் வேண்டாம்.

இப்போது செய்ய வேண்டியது: டயப்பரைத் தவிர மற்ற துணியைக் கழற்றிவிட்டு, குழந்தையை உங்கள் வெற்று மார்பின் மேல் கவிழ்த்துப் போட்டு, முதுகை மூடுங்கள். மூக்கும் வாயும் மூடாமல் முகம் ஒருபக்கம் திரும்பியிருக்கட்டும். நீங்கள் கண் அசந்தால் துணைக்கு இருப்பவர் வாங்கிக்கொள்ளட்டும். குழந்தை கையைச் சூப்புவது, தலையைத் திருப்பி வாயால் தேடுவது எல்லாம் பசியின் ஆரம்பம். அழுகை கடைசிக் கட்டம். அழும் குழந்தை சரியாக வாய் வைக்காது, முதலில் அமர்த்துங்கள். தையலில் படாமலிருக்க ஒருக்களித்துப் படுத்துக் கொடுக்கலாம், அல்லது உட்கார்ந்து, குழந்தையின் கால் பின்னால் போகும்படி கக்கத்து இடுக்கில் வைத்துக் கொடுக்கலாம். வலி மாத்திரைக்குப் பயந்து பால் கொடுப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். சிசேரியனுக்கு வழக்கமாகத் தரும் பாராசிட்டமாலும் டைக்ளோஃபெனாக்கும் பால் கொடுப்பவர்களுக்கு ஒத்துக்கொள்ளும்.

வாய் வைப்பதில்தான் பாதிப் பிரச்சினை. காம்பு குழந்தையின் மூக்குக்கு நேரே இருக்கட்டும். வாயைக் கொட்டாவி மாதிரி பெரிதாகத் திறந்ததும் குழந்தையை மார்புக்குக் கொண்டுவாருங்கள். மார்பைக் குழந்தையிடம் தள்ளாதீர்கள். தாடை மார்பில் படவேண்டும், கீழுதடு வெளியே மடங்கியிருக்க வேண்டும், காம்பைச் சுற்றியுள்ள கருவட்டம் வாய்க்குக் கீழே தெரிவதைவிட மேலே அதிகமாகத் தெரிய வேண்டும். காம்பை மட்டும் கவ்வினால் பாலும் வராது, வெடிப்பும் வரும். அரை நிமிடம் தாண்டியும் சுள்ளென்று வலித்தால் வாயோரத்தில் சுண்டுவிரலை நுழைத்து எடுத்துவிட்டு மறுபடி வையுங்கள். குடிக்கும்போது அடிவயிறு இழுத்துப் பிடித்தால் நல்ல அறிகுறி: ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் வேலை செய்கிறது, கருப்பை சுருங்குகிறது.

வாயே வைக்கவில்லையா? கையால் பீய்ச்சுங்கள். கட்டைவிரல் மேலே, ஆள்காட்டி விரல் கீழே, காம்பிலிருந்து 3 செ.மீ. தள்ளி. முதலில் நெஞ்சுப் பக்கம் அமுக்கி, பிறகு விரல்களைச் சேர்த்து அழுத்தி விடுங்கள். தோல்மேல் விரல் வழுக்கக் கூடாது. முதல் இரண்டு நிமிடம் ஒன்றும் வராமல் இருக்கலாம். வரும் சொட்டுகளைச் சுத்தமான பாலாடையிலோ ஸ்பூனிலோ பிடித்துக் கொடுங்கள். இந்தக் கட்டத்தில் பம்ப் வீண். கெட்டியான சில சொட்டுகள் அதன் குழாயிலேயே ஒட்டிக்கொள்ளும்.

ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை, ராத்திரியும் சேர்த்து. குழந்தை மூன்று மணி நேரம் தாண்டித் தூங்கினால் உள்ளங்காலைத் தேய்த்து எழுப்புங்கள். இரண்டாம் இரவு விடாமல் குடிக்கும். அது பால் பத்தாததால் அல்ல, கூடுதல் பாலுக்கு ஆர்டர் போடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போதுமா என்பதை டயப்பர் சொல்லும். முதல் நாள் குறைந்தது ஒரு தடவை சிறுநீர், இரண்டாம் நாள் இரண்டு, ஐந்தாம் நாளுக்கு மேல் ஆறு. கறுப்பு மலம் பச்சையாகி, ஐந்தாம் நாளுக்குள் மஞ்சளாக வேண்டும். எடை முதலில் குறைவது சகஜம், ஆனால் பிறந்த எடையில் 10 சதவீதம் வரை விடக்கூடாது. 7 சதவீதம் குறையும்போதே யாராவது பால் கொடுப்பதைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும்.

2.5 கிலோவுக்குக் குறைந்த குழந்தை, 37 வாரத்துக்கு முன் பிறந்தது, சர்க்கரை நோய் உள்ள தாயின் குழந்தை என்றால் பொறுத்துப் பார்க்காதீர்கள். குழந்தையின் ரத்தச் சர்க்கரையைப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் காமாலை, எழுப்பியும் எழாமல் துவண்டு கிடப்பது, நாள் முழுக்கச் சிறுநீர் இல்லாதது, எதுவானாலும் உடனே குழந்தை மருத்துவர். அவர் கூடுதல் பால் வேண்டுமென்றால் முதலில் பீய்ச்சிய உங்கள் பால், அடுத்தது தாய்ப்பால் வங்கி (தமிழ்நாட்டில் பல அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் உண்டு), கடைசியில் பவுடர் பால். எதுவானாலும் பாலாடையில், பாட்டிலில் அல்ல. பவுடர் டப்பாவை "சாம்பிள்" என்று யாராவது இலவசமாக நீட்டினால், 1992-ம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம் என்று தெரிந்துகொண்டு மறுத்துவிடுங்கள்.

மூன்று நான்கு நாளில் மார்பு கல்லாக இறுகி, குழந்தையால் கவ்வ முடியாமல் போகலாம். காம்பைச் சுற்றி விரல்நுனிகளை வைத்து ஒரு நிமிடம் நெஞ்சுப் பக்கமாக அமுக்கினால் கருவட்டம் இளகும், பிறகு கொடுங்கள். கொடுத்து முடித்ததும் குளிர்ந்த துணி ஒத்தடம் போதும்.