லேப்டாப்பில் ஓடுகிறது, ஹெரோகுவில் விழுகிறது

கேள்வி: நோட் ஜேஎஸ், எக்ஸ்பிரஸ், மாங்கோடிபி (தரவுத்தளம்) வைத்து ஒரு கடைக்கான ஆர்டர் செயலி எழுதியிருக்கிறேன். லேப்டாப்பில் 3000 போர்ட்டில் நன்றாக ஓடுகிறது. கிட் வழியாக ஹெரோகுவுக்கு (செயலிகளை இணையத்தில் ஓட்டித் தரும் சேவை) அனுப்பினால் பில்ட் வெற்றி என்கிறது. தளத்தைத் திறந்தால் ‘அப்ளிகேஷன் எர்ரர்’. லாக்கில் கடைசியாக எச்10 என்று இருக்கிறது. இதற்கு முந்தைய பதிப்பு ஓடியது, ஆனால் அதில் ஏற்றிய பொருள்களின் படங்கள் மறுநாளே காணாமல் போயின. எதைத் திருத்த வேண்டும்?

பதில்: பில்ட் வெற்றி என்றால் பேக்கேஜ்கள் சரியாக இறங்கின என்று மட்டுமே பொருள். செயலியை ஓட்டிப் பார்ப்பது அதற்குப் பிறகுதான். எச்10 என்பது ‘செயலி விழுந்து கிடக்கிறது’ என்று ஹெரோகுவின் ரூட்டர் (வரும் கோரிக்கைகளைச் செயலிக்கு அனுப்பும் பகுதி) சொல்லும் தகவல். ஏன் விழுந்தது என்று ரூட்டருக்குத் தெரியாது. காரணம் அந்த வரிக்கு மேலே இருக்கும். ஆகவே லாக்கை ஓடவிட்டு, இன்னொரு ஜன்னலில் செயலியை ரீஸ்டார்ட் செய்து, முதலில் வரும் பிழையைப் படியுங்கள்.

அது ஆர்10 (செயலி உரிய நேரத்தில் தொடங்கவில்லை) என்றால் சிக்கல் போர்ட்டில். ஹெரோகு ஒவ்வொரு முறையும் ஒரு போர்ட் எண்ணைத் தானே ஒதுக்கி, ‘போர்ட்’ என்ற சூழல் மாறியில் (நான்கு எழுத்தும் பெரிய எழுத்து) வைத்துத் தருகிறது. 60 விநாடிக்குள் செயலி அந்த எண்ணில் கேட்கத் தொடங்காவிட்டால் அதை நிறுத்திவிடும். நீங்கள் 3000 என்று நேரடியாக எழுதியிருந்தால் செயலி என்னவோ ஓடும். ரூட்டர் தட்டும் கதவு வேறாக இருக்கும். ப்ராசஸ்.என்வ் வழியாக அந்த மாறியைப் படியுங்கள், அது இல்லாவிட்டால் மட்டும் 3000 என்று எழுதுங்கள். லிசன் அழைப்பில் ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்று கொடுத்திருந்தால் எடுத்துவிடுங்கள். அப்படிக் கொடுத்தால் அந்த இயந்திரத்துக்குள்ளிருந்து மட்டுமே செயலியை எட்ட முடியும். கான்ஃபிக் வார்ஸில் (ஹெரோகுவில் சூழல் மாறிகளைப் பதியும் இடம்) போர்ட் எண்ணை நீங்களே பதிவதும் வேண்டாம்.

போர்ட் சரியாக இருந்தும் விழுந்தால், அடுத்து மாங்கோவைச் சந்தேகப்படுங்கள். அட்லஸ் (மாங்கோடிபியின் இணையச் சேவை) தன் பட்டியலில் உள்ள ஐபி முகவரிகளை மட்டுமே உள்ளே விடும். உங்கள் வீட்டு இணைப்பின் முகவரி அதில் இருக்கும். ஹெரோகுவின் சாதாரண டைனோவுக்கோ (செயலி ஓடும் தனி அலகு) நிலையான முகவரியே கிடையாது. மாங்கூஸ் (நோடிலிருந்து மாங்கோவுடன் பேசும் நூலகம்) இயல்பாக 30 விநாடி காத்திருந்து பிழை தரும். அந்தப் பிழையை நீங்கள் பிடிக்காவிட்டால், நோட் 15 முதல் ப்ராசஸே நின்றுவிடும். பட்டியலில் 0.0.0.0/0 (எந்த முகவரியிலிருந்தும் வரலாம்) சேர்த்து நீளமான கடவுச்சொல் வைப்பது எளிய வழி. அது மனதுக்கு ஒப்பவில்லையென்றால் நிலையான ஐபி தரும் ஆட்-ஆன் வாங்க வேண்டும். இணைப்பு முகவரியை கான்ஃபிக் வார்ஸில்தான் வைக்க வேண்டும், லேப்டாப்பில் அதை வைத்திருக்கும் உங்கள் ‘.என்வ்’ கோப்பு கிட்டில் ஏறக் கூடாது.

‘நோட்மான் நாட் ஃபவுண்ட்’ என்று வந்தால் ஸ்டார்ட் கட்டளையைப் பாருங்கள். பில்ட் முடிந்ததும் டெவ் டிபென்டன்சிகளை (செயலியை எழுதும்போது மட்டும் தேவைப்படும் பேக்கேஜ்கள்) ஹெரோகு கழித்துவிடும். அங்கே நோட்மானுக்கு (கோடு மாறும்போதெல்லாம் செயலியை ரீஸ்டார்ட் செய்யும் கருவி) வேலையும் இல்லை, ‘நோட் சர்வர்.ஜேஎஸ்’ போதும். ‘கேனாட் ஃபைண்ட் மாட்யூல்’ வந்து, அது நீங்கள் எழுதிய கோப்பாகவே இருந்தால், பெரிய எழுத்து சின்ன எழுத்து வேறுபாட்டைத் தேடுங்கள். விண்டோஸ் அதைப் பொருட்படுத்தாது, லினக்ஸ் விடாது. விண்டோஸில் கோப்பின் பெயரை வெறுமனே மாற்றினால் கிட் அதைப் பதிவு செய்யாமல் போகலாம். கிட்டின் மூவ் கட்டளையாலேயே மாற்றுங்கள்.

எச்14 வந்தால் வெப் டைனோ எதுவும் ஓடவில்லை. நோட்பேடில் சேமித்த ப்ராக்ஃபைலுக்குப் (எந்தக் கட்டளையை ஓட்டுவது என்று ஹெரோகுவுக்குச் சொல்லும் கோப்பு) பின்னால் ‘.டிஎக்ஸ்டி’ ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள், அதற்கு எந்த நீட்டிப்பும் கூடாது.

இனி படங்கள். டைனோவின் வட்டு தற்காலிகமானது. புதிதாக டிப்ளாய் செய்தாலும், நாளுக்கு ஒருமுறையாவது நடக்கும் ரீஸ்டார்ட்டிலும், கிட்டில் இருந்தவை மட்டும் திரும்ப வரும். ‘அப்லோட்ஸ்’ அடைவில் சேர்ந்தவை போய்விடும். எஸ்கியூலைட் (ஒரே கோப்பில் அடங்கும் தரவுத்தளம்) கோப்புக்கும், நினைவகத்தில் வைத்த செஷனுக்கும் இதே கதிதான். போன படங்களை ‘ஹெரோகு ரன் பாஷ்’ போட்டுத் தேடிப் பயனில்லை; அது திறப்பது வேறொரு புதிய டைனோ. படங்களை அமேசான் எஸ்3 போன்ற சேமிப்பகத்தில் வைத்து, முகவரியை மட்டும் மாங்கோவில் எழுதுங்கள். கையொப்பமிட்ட யூஆர்எல் (சிறிது நேரம் மட்டும் செல்லும் அனுமதி முகவரி) கொடுத்து உலாவியிலிருந்தே நேராக எஸ்3-க்கு ஏற்றவைப்பது இன்னும் நல்லது. உங்கள் சர்வர் வழியாக வாங்கி, மீண்டும் எஸ்3-க்கு அனுப்பி முடிக்கும்வரை பதில் தராமல் இருந்தால், ரூட்டரின் 30 விநாடி வரம்பைத் தாண்டி எச்12 (நேரம் கடந்த பிழை) வரக்கூடும்.

ஹெரோகுவின் இலவச டைனோக்கள் 2022 நவம்பர் 28 முதல் இல்லை. நீங்கள் ஈகோ டைனோ (மலிவான வகை) எடுத்திருந்தால், 30 நிமிடம் யாரும் வராவிட்டால் அது தூங்கிவிடும், அடுத்து வருபவர் சில விநாடி காத்திருக்க நேரும். அந்தத் தாமதத்துக்குக் காரணம் தேடி உங்கள் கோடைக் கிளற வேண்டாம்.