ஜெபம் முடிந்தால்தான் அரிசியா?

ஸ்தோத்திரம் அண்ணாச்சி. தாராவியில் எங்கள் சபை வாலிபர் குழுவில் இருக்கிறேன். மாதம் ஒருமுறை அரிசி, பருப்பு, எண்ணெய் பை கொடுக்கிறோம். அதற்கு முன்னால் பாட்டு, பிரசங்கம், ஜெபம் என்று முக்கால் மணி நேரம் ஆகும். போன மாதம் ஒரு அம்மா, "பிள்ளைக்குக் காய்ச்சல், பையைக் குடுத்தா போயிருவேன்" என்று கெஞ்சியும், ஜெபம் முடியட்டும் என்று உட்கார வைத்துவிட்டார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. பாஸ்டரோ, சுவிசேஷம் சொல்லாமல் கொடுத்தால் நமக்கும் மற்ற தொண்டு நிறுவனங்களுக்கும் என்ன வித்தியாசம் என்கிறார். யார் சொல்வது சரி?

ஒரு வாசகர், மும்பை

அன்புள்ள தம்பி,

அந்த அம்மாவை உட்கார வைத்தது தப்பு. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஏனென்றால் நானும் அதைச் செய்திருக்கிறேன். 2005 ஜூலை 26, சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டி மித்தி ஆறு பொங்கியதே, அப்போது நாங்கள் போர்வை கொடுத்தோம், கொடுப்பதற்கு முன்னால் எல்லாரையும் நிற்க வைத்து ஜெபம் பண்ணினோம். எங்கள் சாலில் (வரிசையாக ஒற்றை அறை வீடுகள் உள்ள குடியிருப்பில்) இருந்த அக்கா ஒருவர், மாரியம்மனைக் கும்பிடுகிறவர், ஈரத்தில் நடுங்குகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி நின்றார். போர்வையை வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு என்னிடம் முன்போல முகம் கொடுத்துப் பேசவே இல்லை. பசித்தவரால் வேண்டாம் என்று சொல்ல முடியாது, அதைத் தெரிந்துகொண்டே நாம் ஜெபத்தை முன்னால் வைக்கிறோம்.

பாஸ்டரின் கவலையையும் தள்ளிவிட மாட்டேன். நாம் யார் என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. 1974-இல் சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் கூடிய சுவிசேஷகர்களே, நற்செய்தி சொல்வதும் சமூகப் பணியும் இரண்டுமே கிறிஸ்தவனின் கடமை என்றுதான் எழுதி வைத்தார்கள். ஆனால் ஒன்றை வாங்க இன்னொன்றை விலையாகக் கொடு என்று அதற்கு அர்த்தமில்லை. லூக்கா 17-இல் பத்துக் குஷ்டரோகிகள் சுத்தமானார்கள், ஒருவன்தான் திரும்பி வந்தான். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று இயேசு கேட்டார், உண்மைதான், அந்தக் கேள்வியில் ஏக்கம் இருக்கிறது, ஆனாலும் அவர்களுக்குக் கிடைத்த சுகத்தை அவர் திருப்பி வாங்கவில்லை.

அதனால் கூட்டத்தை வேறு நாளில் வையுங்கள், வருகிறவர்கள் வரட்டும். பை கொடுக்கிற நாளில் பையை மட்டும் கொடுங்கள். யாராவது, "எனக்காக ஜெபிப்பீங்களா" என்று கேட்டால் அங்கேயே தாராளமாக ஜெபியுங்கள்.

அப்புறம், அரிசியோடு நின்றுவிடாதே. உங்கள் பக்கத்தில் டிபி நோயாளிகள் இருப்பார்கள். சாதாரண டிபிக்கே ஆறு மாதம் விடாமல் மாத்திரை சாப்பிட வேண்டும், பாதியில் நிறுத்தினால் ஆபத்து. சத்துணவுக்காக அரசு கொடுக்கும் தொகை 2024 நவம்பரிலிருந்து மாதம் 1000 ரூபாய் ஆகியிருக்கிறது, அது வங்கிக் கணக்கில்தான் வரும். கணக்கு இல்லாதவரை பேங்குக்குக் கூட்டிக்கொண்டு போவதும், சயான் ஆஸ்பத்திரி வரிசையில் கூட நிற்பதும் வாலிபர் குழுவால் முடிகிற வேலை.

இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அந்த அம்மா வீட்டுக்குப் போ. பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா என்று கேள்.