மகளின் சம்பளம் 20ஆம் தேதிக்குள் தீர்ந்துவிடுகிறது, எங்கிருந்து சொல்லிக்கொடுப்பது?

கேள்வி: என் மகளுக்கு 23 வயது. வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. ஒவ்வொரு மாதமும் 20ஆம் தேதி வாக்கில் கையில் காசு தீர்ந்துவிடுகிறது. அப்புறம் என்னிடம் கேட்கிறாள், நானும் கொடுத்துவிடுகிறேன். கிரெடிட் கார்டு பாக்கிக்குக் குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டி வருகிறாள் என்பது இப்போதுதான் தெரிந்தது. சேமிப்பு பற்றிப் பேச்செடுத்தாலே "எனக்குத் தெரியும்ப்பா" என்று எழுந்து போய்விடுகிறாள். வாங்கித் தந்த புத்தகம் பிரிக்காமல் கிடக்கிறது. இவளுக்கும் கல்லூரியில் படிக்கும் இவள் தம்பிக்கும் பணத்தைக் கையாள எங்கிருந்து சொல்லிக்கொடுக்கத் தொடங்குவது?

பதில்: உங்கள் வீட்டுக் கணக்கிலிருந்து தொடங்குங்கள். மகளின் கணக்கைக் கேட்பதற்கு முன்னால் உங்களுடையதை அவரிடம் காட்டுங்கள். மாதம் எவ்வளவு வருகிறது, வீட்டுக்கு எவ்வளவு போகிறது, எந்தக் கடன் இன்னும் எத்தனை வருடம் ஓடும், காப்பீட்டுக்கு எவ்வளவு, உங்கள் ஓய்வுக்காலத்துக்கு என்ன இருக்கிறது, எல்லாவற்றையும். பெரும்பாலான குடும்பங்களில் பிள்ளைகள் இதை ஒருமுறைகூடப் பார்த்திருப்பதில்லை. கஷ்டம் தெரியாமல் வளரட்டும் என்று அவர்கள் இல்லாத நேரத்தில் பேசி முடித்துவிடுகிறோம். பிறகு முதல் சம்பளம் வந்த அன்றே எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். என்னிடம் வரும் இளைஞர்களில் பலருக்கு ஒரு வீட்டை நடத்த மாதம் எவ்வளவு ஆகும் என்று உத்தேசமாகக்கூடச் சொல்லத் தெரியாது. அவர்களை நொந்து பயனில்லை, யாரும் காட்டவில்லை. உங்கள் கணக்கை நீங்கள் விரித்து வைத்தால், சம்பாதிக்கிற இரண்டு பேர் உட்கார்ந்து பேசுவதுபோல் அது ஆகிவிடும். விசாரிக்கிறார்கள் என்று நினைத்தால்தான் பிள்ளைகள் எழுந்து போவார்கள்.

புத்தகத்தைப் பற்றி வருந்த வேண்டாம். நிதிக் கல்வி குறித்த 201 ஆய்வுகளை ஃபெர்னாண்டஸ், லிஞ்ச், நெட்டமேயர் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஒன்றாகத் தொகுத்து 2014இல் வெளியிட்டார்கள். பாடம் நடத்துவதால் மக்கள் பணத்தைக் கையாளும் விதத்தில் வரும் மாற்றம் மிக மிகச் சிறியது என்பது அதில் தெரிந்தது. பல மணி நேர வகுப்புகளின் பலனும் இருபது மாதங்களில் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போயிருந்தது. முடிவெடுக்க வேண்டிய நேரத்தை ஒட்டிச் சொல்லித்தர வேண்டும் என்பதே அவர்கள் சொன்ன வழி. உங்கள் மகளுக்கு அந்த நேரம் இப்போதுதான். கையில் கார்டு பில் இருக்கிறது.

அந்த பில்லை எடுத்து வைத்து, கணக்கை அவரையே போடச் சொல்லுங்கள். பாக்கி 100 என்று வைத்துக்கொள்வோம். வட்டி மாதம் 3 சதவீதம், குறைந்தபட்சத் தொகை பாக்கியில் 5 சதவீதம். (அவருடைய கார்டின் விகிதங்கள் வேறாக இருக்கலாம், பில்லிலேயே போட்டிருக்கும்.) புதிதாக எதுவும் வாங்காமல் ஒரு வருடம் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் மொத்தம் 55 கட்டியிருப்பார். அதில் 32 வட்டிக்கே போயிருக்கும். கடன் 77இல் நிற்கும். 32 மாதம் கழித்தும் பாதிக் கடன் அப்படியே இருக்கும்.

இதற்குக் காரணம், பாக்கி குறையக் குறைய குறைந்தபட்சத் தொகையும் குறைந்துகொண்டே போவதுதான். முதல் மாதம் வட்டியோடு பாக்கி 103 ஆகும், அதில் 5 சதவீதமாகக் கட்டச் சொல்வது 5.15. அந்த 5.15ஐயே குறைக்காமல் மாதாமாதம் கட்டி வந்தால் 30 மாதத்தில் மொத்தக் கடனும் தீர்ந்துவிடும். அதை இரட்டிப்பாக்கி 10.30 கட்டினால் 12 மாதம் போதும். ஒரு பைசாகூட கட்டாமல் விட்டால் அபராதத்தைச் சேர்க்காமலே இரண்டு வருடத்தில் கடன் இரண்டு மடங்காகும். எந்த அறிவுரையையும்விட, இந்த எண்களை அவரே கால்குலேட்டரில் தட்டிப் பார்ப்பது மனதில் நிற்கும். பாக்கி வைத்திருக்கும்போது பல கார்டுகளில் புதிய செலவுக்கு வட்டியில்லாக் காலம் கிடையாது, வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும் என்பதையும் சொல்லுங்கள். ஆகவே கடன் தீரும்வரை கார்டை வீட்டிலேயே வைத்துவிடட்டும்.

அந்தக் கடனை நீங்களே அடைத்துவிடலாமா என்று உங்களுக்குத் தோன்றும். என் கருத்து, வேண்டாம். அவருடைய சம்பளத்தில் ஒரு வருடத்தில் அடைக்கக்கூடிய தொகை என்றால் அவரே அடைக்கட்டும். அதற்கு மேல் பெரிதாக இருந்தால், வட்டியில்லாக் கடனாக ஒரே ஒருமுறை கொடுங்கள். எந்தத் தேதியில் எவ்வளவு திருப்பித் தருவார் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து அந்த 20ஆம் தேதி. சம்பளம் முழுவதும் ஒரே கணக்கில் கிடந்தால், முதல் வாரத்தில் யாருக்கும் கை தாராளமாகத்தான் இருக்கும். சம்பளம் வந்த மறுநாளே வாடகை, தவணை, சேமிப்பு மூன்றும் தானாகவே வெளியேறும்படி வங்கியில் ஏற்பாடு செய்துவிடட்டும். வருடத்துக்கு ஒருமுறை வருகிற செலவுகளைக் கூட்டி 12ஆல் வகுத்து அதையும் ஒதுக்கட்டும். மிச்சம்தான் செலவுப் பணம். அதை ஐந்தாக வகுத்து 1, 8, 15, 22, 29 தேதிகளில் தனியாக ஒரு செலவுக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளட்டும். நான்காக வகுத்தால் கடைசி இரண்டு மூன்று நாள் துண்டு விழும். எங்கே எவ்வளவு போனது என்று ஒவ்வொரு செலவையும் எழுதி வைப்பது நல்லதுதான், ஆனால் முதல் மாதத்தோடு பலர் அதை விட்டுவிடுகிறார்கள். வாரப் பணம் தீர்ந்தால் அடுத்த வாரம்தான் என்ற ஒரு எல்லை அதைவிட நன்றாக வேலை செய்கிறது.

எத்தனை சதவீதம் சேமிக்க வேண்டும் என்று அவரிடம் பேரம் பேசாதீர்கள். கார்டு கடன் இருக்கும்போது 5 சதவீதம்கூடப் போதும். அடுத்த சம்பள உயர்வில் பாதியைச் சேமிப்புக்கு என்று இப்போதே முடிவு செய்து வைப்பதுதான் முக்கியம். கைக்கு இன்னும் வராத பணத்தை ஒதுக்குவது யாருக்கும் வலிக்காது. ரிச்சர்ட் தேலர், ஷ்லோமோ பெனார்ட்சி இருவரும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், சம்பளம் உயரும்போதெல்லாம் சேமிப்பும் உயரும்படி முன்கூட்டியே ஒப்புக்கொண்ட ஊழியர்களின் சராசரிச் சேமிப்பு 40 மாதத்தில் 3.5 சதவீதத்திலிருந்து 13.6 சதவீதமானது. அதிகம் கஷ்டப்படாமல் பழகக்கூடிய வழி இது.

சேர்கிற பணம் முதலில் அவசரத் தேவைக்கு. ஒரு மாத அத்தியாவசியச் செலவு சேரும்வரை சேர்த்துவிட்டு, பிறகு முழு வேகத்தில் கார்டு கடனை அடைக்கட்டும். கடன் தீர்ந்ததும் அந்தக் கையிருப்பை மூன்று முதல் ஆறு மாதச் செலவு வரை உயர்த்தட்டும். நடுவில் அந்த ஒரு மாதப் பணம் இல்லாவிட்டால், போன் உடைந்தாலும் மறுபடி கார்டுதான்.

முதலீடு அதற்குப் பிறகு. இப்போது ஒன்றை மட்டும் சொல்லி வையுங்கள். மாதம் 1,000 வீதம், ஆண்டுக்கு 8 சதவீத வளர்ச்சி என்று வைத்துக்கொண்டால், 23 வயதில் தொடங்குகிறவரிடம் 60 வயதில் ஏறக்குறைய 27 லட்சம் இருக்கும். 33இல் தொடங்கினால் 11 லட்சத்துக்குச் சற்று மேல். முன்னவர் தன் கையிலிருந்து கூடுதலாகப் போட்டது 1,20,000 மட்டுமே. விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் 12 வருடத்தில் பணத்தின் மதிப்பு பாதியாகும் என்பதால், எல்லாவற்றையும் சும்மா கணக்கில் போட்டு வைத்திருப்பதும் நஷ்டம்தான். அதிக லாபம் நிச்சயம் என்று உறுதி தருகிற எதிலும் பணம் போடக் கூடாது, நண்பருக்காகக் கடன் ஜாமீன் கையெழுத்துப் போடக் கூடாது, ஓடிபியை யாரிடமும் சொல்லக் கூடாது. இவற்றுக்கு விளக்கம் தேவையில்லை.

இனி உங்கள் பங்கு, இதுதான் கடினம். 20ஆம் தேதிக்கு மேல் கேட்டவுடன் கொடுப்பதை நிறுத்த வேண்டும். அடுத்த மாதத்திலிருந்து இல்லை என்று இந்த மாதமே அமைதியாகச் சொல்லிவிடுங்கள். கேட்ட நேரத்தில் திடீரென்று மறுத்தால் அது தண்டனையாகத் தெரியும். மருத்துவத்துக்கும் சாப்பாட்டுக்கும் இந்த விதி வேண்டாம். மற்றபடி நீங்கள் கொடுக்கக் கொடுக்க, மாதக் கடைசி எப்படியாவது சரியாகிவிடும் என்ற பாடம்தான் அவர் மனதில் பதியும்.

மகனுக்கு இன்னும் எளிது. கேட்கும்போதெல்லாம் கொடுப்பதை விட்டுவிட்டு, ஒரு பருவத்துக்கான கைச்செலவு, பயணம், புத்தகம், போன் கட்டணம் எல்லாவற்றையும் கூட்டி, மாதக் கணக்கில் பிரித்து, மாதா மாதம் ஒரே தேதியில் கொடுங்கள். ஒரு மாதம் இரண்டாவது வாரத்திலேயே தீர்த்துவிட்டு வந்து நிற்பார். நிற்கட்டும். அந்தத் தவறு இப்போது சில நாள் சிரமத்தோடு முடியும், வேலைக்குப் போன பிறகு ஆண்டுக்கு 36 சதவீத வட்டியோடு வரும். அக்கா தன் கார்டு பில்லை அடைக்கும் கணக்கை, அவருக்குச் சம்மதம் என்றால், தம்பியையும் உடன் வைத்துக்கொண்டு போடுங்கள். நீங்கள் சொல்வதைவிட அக்கா சொல்லிக் கேட்டால் அவருக்கு நன்றாகப் புரியும்.