அந்தப் பையனுடைய அம்மா செய்ததை நீங்கள் செய்யவில்லை

கேள்வி: என் மகன் பன்னிரண்டாம் வகுப்பு. ஜெஸ்ஸி ஆண்ட்ரூஸ் எழுதிய ‘மீ அண்ட் ஏர்ல் அண்ட் த டையிங் கேர்ள்’ நாவலையும் அதன் படத்தையும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறான். ரத்தப் புற்றுநோய் வந்த பெண்ணின் கதையைக் கேலியும் கிண்டலுமாகச் சொல்கிற பையன்தான் அதில் நாயகன். “இவன் அப்படியே நான்தான்” என்கிறான் என் மகன். இவன் மனசும் கல்லாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அப்பத்தா வேறு படுக்கையில் இருக்கிறார்கள். பரீட்சை முடியும்வரை அவர்கள் இருக்கிற வீட்டின் இரண்டாம் கட்டுப் பக்கம் போகவேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். புத்தகத்தைப் பிடுங்கி வைக்கலாமா?
— ஓர் அம்மா, காரைக்குடி

பதில்: பிள்ளை கெட்டுப்போகிறான், புத்தகம்தான் காரணம் என்று எனக்கு அடிக்கடி கடிதம் வரும். புத்தகத்தின் பெயர் மட்டும் மாறும். உங்கள் கடிதத்தில் நான் நின்றுவிட்டது அந்த இரண்டாம் கட்டில். போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள், ஆச்சி.

அது 2012இல் வந்த நாவல். 2015இல் படமானபோது திரைக்கதையையும் ஆண்ட்ரூஸே எழுதினார். அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் நடுவர் பரிசோடு பார்வையாளர் பரிசும் வாங்கிய படம். நாயகன் கிரெக் நல்ல பிள்ளை இல்லை, ஒப்புக்கொள்கிறேன். தன்னைப் பற்றியே நினைப்பவன், பயந்தாங்கொள்ளி. இந்தக் கதையில் படிப்பினை எதுவும் இல்லை என்று ஆரம்பத்திலேயே கையை விரித்துவிடுவான். ஆனால் நோய் வந்த அந்தப் பெண் ரேச்சலின் வீட்டுப் படியை அவன் ஏறியது எப்படி? அவன் அம்மா விடவில்லை. நச்சரித்து அனுப்பினார். பிரியத்தில் போகவில்லை, தொல்லை தாங்காமல் போனான். போனான் அல்லவா?

நீங்கள் செய்திருப்பது நேர்மாறு. ஒரே வீட்டுக்குள் இருக்கிற அப்பத்தாவிடம் போகாதே என்று நீங்களே சொல்லிவிட்டு, மனசு கல்லாகிறது என்று புத்தகத்தின் மேல் பழி போட்டால் எப்படி?

சரி, மார்க் விஷயம். மறைக்கவில்லை: ரேச்சலுக்காக ஒரு படம் எடுக்க உட்கார்ந்ததில் கிரெக்கின் படிப்பு கெட்டது. சினிமாவாக வந்ததில், அவனுக்குக் கிடைத்த கல்லூரி இடமே கையை விட்டுப் போகிறது. உங்கள் மகன் அவ்வளவு தூரம் போக வேண்டாம். நாளுக்கு அரைமணி நேரம், போதும்.

என் அப்பத்தா படுக்கையில் கிடந்தபோது எனக்குப் பதினான்கு வயது. சாயந்திரமானால் வெற்றிலை இடித்துக் கொடுக்க ஆத்தா என்னை உட்கார வைத்துவிடுவார்கள். அந்த அறையின் தைல வாடை குமட்டும். சின்ன உரலில் நாலு இடி இடித்துக் கொடுத்துவிட்டு ஓடப் பார்ப்பேன். “பாக்கு மசியலையே” என்று அப்பத்தா திருப்பிக் கொடுப்பார்கள். மறுபடி இடிக்க வேண்டும். பல் இல்லாததால் கேட்டார்களா, நான் இன்னும் ஐந்து நிமிடம் இருக்கட்டும் என்று கேட்டார்களா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

கல்யாணமானதும் பிள்ளைகளை வேறு வைப்பது நம் பக்கத்து வழக்கம். அடுப்பு தனி, செலவு தனி. வீட்டு முற்றமான வளவு மட்டும் எல்லோருக்கும் பொது. நீங்களோ இரண்டாம் கட்டு முழுவதையும் பேரனுக்கு மூடிவிட்டீர்கள்.

படத்தில் ரேச்சல் போன பிறகு கிரெக் அவள் அறைக்குப் போகிறான். புத்தகங்களின் உள்ளே அவள் வெட்டிச் செதுக்கி வைத்திருந்த குட்டிக் குட்டிக் காட்சிகள் அப்போதுதான் கண்ணில் படுகின்றன. அத்தனை நாள் வந்துபோனவனுக்கே அவ்வளவு தெரியாமல் போயிருக்கிறது. எட்டிக்கூடப் பார்க்காத பேரனுக்கு?

புத்தகம் அவனிடமே இருக்கட்டும். இன்று ராத்திரி அப்பத்தாவுக்குப் போகிற கஞ்சியை அவன் கையில் கொடுத்தனுப்புங்கள். முனகினால் முனகட்டும். வாசலில் வைத்துவிட்டு ஓடிவந்தால், திருப்பி அனுப்புங்கள்.