16 வருட டைல்ஸ் வேலை, கையில் ஒரு தாளும் இல்லை

கேள்வி: 16 வருடமாக டைல்ஸ் பதிக்கிறேன். என்னோடு நான்கு பேர் வேலை செய்கிறார்கள். இதுவரை வந்த வேலையெல்லாம் ஒருவர் சொல்லி இன்னொருவர் கூப்பிட்டதுதான். போன மாதம் ஒரு பெரிய கட்டடத்தில் மேற்பார்வையாளர் சான்றிதழ் கேட்டார். இல்லை என்றதும், மூன்று மாதப் பயிற்சித் தாளோடு வந்த ஒரு பையனை எடுத்துக்கொண்டார். எங்கள் தொழிலுக்கு உரிமமே கிடையாது. பிறகு எதைத்தான் காட்டுவது? இந்த வயதில் வகுப்பில் போய் உட்கார வேண்டுமா?

பதில்: வகுப்பில் உட்கார வேண்டியதில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உரிமமும் சான்றிதழும் ஒன்றில்லை. உரிமம் சட்டம் கேட்பது. அது இல்லாமல் வேலை செய்தால் தண்டனை. மின் இணைப்பு, எரிவாயு போன்ற வேலைகளில் கை தவறினால் உயிர் போகும் என்பதால் பல நாடுகள் அதற்கு உரிமம் கேட்கின்றன. டைல்ஸ், பூச்சு, பெயின்ட் எல்லாம் பெரும்பாலும் அந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்கும். சான்றிதழ் என்பது உங்களுக்கு வேலை தெரியும் என்று மூன்றாவது மனிதர் ஒருவர் பார்த்துச் சொல்வது. உங்களிடம் கேட்கப்பட்டது இதுதான்.

இந்த எல்லைக்கோடும் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஜெர்மனியில் டைல்ஸ் தொழிலைத் தனியாக நடத்த 'மைஸ்டர்' என்ற தேர்ச்சிப் பட்டம் வேண்டும் என்றிருந்தது. 2004-இல் 53 தொழில்களுக்கு அந்தக் கட்டாயத்தை எடுத்தார்கள். டைல்ஸும் அதில் ஒன்று. 2020-இல் 12 தொழில்களுக்கு மறுபடி கொண்டுவந்தார்கள். டைல்ஸ் அதிலும் இருந்தது. இன்று யாரும் கேட்காத தாளை நாளைக்குச் சட்டமே கேட்கலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, உங்களுக்கான வழி என்ன? 'முன்கற்றல் அங்கீகாரம்' என்று ஒன்று இருக்கிறது. திறமையை எங்கே கற்றுக்கொண்டாலும், பள்ளியிலோ வேலைத்தளத்திலோ, அதை மதிப்பிட்டுச் சான்று தர வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2004-இல் தன் 195-ஆம் பரிந்துரையில் சொன்னது. பல நாடுகளின் திறன் பயிற்சி அமைப்புகளில் இந்த வழி இப்போது உண்டு. செய்த வேலைக்கு ஆதாரம் கேட்பார்கள், உட்கார்ந்து பேசுவார்கள், செய்து காட்டச் சொல்வார்கள். எங்கே குறை தெரிகிறதோ அதற்கு மட்டும் பயிற்சி. பிரிட்டனில் மதிப்பீட்டாளர் நீங்கள் வேலை செய்யும் இடத்துக்கே வந்து பார்க்கிற ஏற்பாடும் இருக்கிறது.

அனுபவசாலிகள் இதில் செய்முறையில் தோற்று நான் பார்த்ததில்லை. சறுக்குவது பேச்சில்தான். ஒருமுறை மதிப்பீட்டுக்கு வந்த ஒரு பெரியவரிடம், "சுவரோரம் ஏன் இடைவெளி விட்டீங்க?" என்று கேட்டேன். "அப்படித்தான் விடுவோம்" என்றார். பேனாவை மூடிவைத்துவிட்டு, "விடலைன்னா என்ன ஆகும்?" என்றேன். அவர் இரண்டு உள்ளங்கைகளையும் தரையில் வைத்து ஒன்றை நோக்கி ஒன்றை நெருக்கினார். விரல்கள் முட்டி நடுவில் கூரைபோல மேலே எழும்பின. "வெயில்ல தரை விரியும். போக இடமில்லைன்னா இப்படித் தூக்கிக்கும். முந்தின நாள் வரைக்கும் ஒண்ணும் தெரியாது, ஒரு நாள் படார்னு வெடிக்கும்." புத்தகத்தில் அரைப் பக்கத்துக்கு எழுதியிருப்பதை அவர் கையாலேயே சொல்லிவிட்டார். முதல் பதிலோடு நான் அடுத்த கேள்விக்குப் போயிருந்தால் அவருக்கு அந்த மதிப்பெண் கிடைத்திருக்காது. எல்லா மதிப்பீட்டாளரும் பேனாவை மூடிவைத்துவிட்டு இரண்டாவது கேள்வி கேட்க மாட்டார்கள். அதனால் போவதற்கு முன்பே உங்கள் வேலை ஒவ்வொன்றுக்கும் 'செய்யாவிட்டால் என்ன ஆகும்' என்று நீங்களே சொல்லிப் பாருங்கள்.

அப்புறம் எண்கள். ரசமட்டமும் தூக்குக்குண்டும் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் 'மட்டமா இருக்கு' என்பதற்குத் தாளில் ஓர் அளவு உண்டு. பிரிட்டிஷ் தரநிலை 5385-இன்படி, 2 மீட்டர் மட்டப்பலகையை வைத்தால் அடியில் 3 மில்லிமீட்டருக்கு மேல் சந்து தெரியக்கூடாது. டைல்ஸ் இடைவெளி 6 மில்லிமீட்டருக்குக் குறைவு என்றால், பக்கத்துப் பக்கத்து டைல்ஸ் 1 மில்லிமீட்டருக்கு மேல் ஏறி இறங்கி நிற்கக்கூடாது. டைல்ஸின் முதுகில் கலவை எவ்வளவு ஒட்ட வேண்டும் என்பதற்கு அமெரிக்கத் தரநிலை ஓர் அளவு சொல்கிறது: காய்ந்த இடத்தில் குறைந்தது 80 சதவீதம், குளியலறை போன்ற ஈர இடத்திலும் வெளிப்புறத்திலும் 95 சதவீதம். நான்கு மூலையிலும் நடுவிலும் கலவையை அப்பி வைக்கிற பழக்கம் உங்கள் ஆட்களில் யாருக்காவது இருந்தால் இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். தட்டினால் பொள்ளலாகச் சத்தம் வரும். எந்த மதிப்பீட்டாளரும் முதலில் தட்டித்தான் பார்ப்பார்.

ஆதாரம் என்றால் பலரும் முடிந்த தரையின் பளபளப்பைப் படம் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். என் கணக்கில் அதற்கு மதிப்பு மிகக் குறைவு. பதித்த அன்று எல்லாத் தரையும் அழகுதான். உங்கள் தொழிலின் பாதி டைல்ஸுக்கு அடியில் மறைந்துவிடுகிறது. அது மறைவதற்கு முன்னால் படம் எடுங்கள். அடித்தளத்தில் மட்டப்பலகை வைத்த படம், பல் வைத்த கரணையால் ஒரே திசையில் இழுத்த கோடுகள், பதித்த டைல்ஸ் ஒன்றை உடனே பெயர்த்துத் திருப்பி முதுகில் ஒட்டிய கலவையைக் காட்டுகிற படம், சுவரோர இடைவெளி. ஒவ்வொன்றிலும் தேதியும் இடமும் இருக்கட்டும். வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டே எடுங்கள். இப்படி நான்கைந்து வேலை போதும்.

வேலை தொடங்கும் முன் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுக்கிற பழக்கமும் வேண்டும்: எந்த இடம், எந்த டைல்ஸ், அடித்தளம் கோணலாக இருந்தால் அதைச் சரிசெய்வது யார் பொறுப்பு, குறை வந்தால் எத்தனை நாளில் வந்து பார்ப்பீர்கள். தகராறு வந்தால் காப்பது இந்தத் தாள்தான். மதிப்பீட்டில் இதுவும் ஆதாரமாகச் சேரும்.

ஓர் எச்சரிக்கை. செய்முறையே பார்க்காமல், பணம் கட்டினால் ஒரே நாளில் சான்றிதழ் என்று யாராவது வந்தால் ஒதுங்கிவிடுங்கள். பணம் கட்டும் முன், உங்களைத் திருப்பி அனுப்பிய அந்த மேற்பார்வையாளரிடமே போய், எந்த அமைப்பின் சான்றை ஏற்றுக்கொள்வீர்கள் என்று கேளுங்கள். கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. உங்களோடு இருக்கும் நான்கு பேரின் பெயரையும், யார் என்ன செய்தார் என்பதையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அவர்களும் உங்களைப்போல 16 வருடம் கழித்துக் கைவிரித்து நிற்க வேண்டாம்.

அடுத்து வரும் குளியலறையிலிருந்தே ஆரம்பிக்கலாம். நீர்த்தடுப்புப் பூச்சு நன்றாகக் காய்ந்ததும், டைல்ஸ் வைக்கும் முன், வடிகாலை அடைத்துத் தண்ணீர் கட்டுங்கள். நீர்மட்டத்தைச் சுவரில் பென்சிலால் கோடு போட்டு ஒரு படம் எடுங்கள். 24 மணி நேரம் கழித்து அதே கோணத்தில் இன்னொரு படம், கீழ்த்தளக் கூரையின் அடிப்பக்கத்தையும் ஒரு படம். மேற்பார்வையாளரிடம் போகும்போது முதலில் இந்த மூன்று படத்தையும் காட்டுங்கள்.