‘ஒரு டம்ளர்’ எத்தனை மில்லி? சமையல் குறிப்புகளை ஷீட்டில் ஏற்றும் முன்

கேள்வி: அம்மாவின் நோட்டு, வாட்ஸ்அப் என்று சேர்ந்த சமையல் குறிப்புகளை கூகுள் ஷீட்ஸ் அட்டவணையில், செல்லுக்கு (கட்டத்துக்கு) ஒன்றாக ஏற்றி வருகிறேன். ஆள் கூடினால் அளவை மாற்ற முடியவில்லை. கத்தரிக்காய் சேரும் குறிப்புகளை மட்டும் பிரித்தெடுக்கவும் வரவில்லை. என்ன செய்வது?

பதில்: முழுக் குறிப்பையும் ஒரே செல்லில் கொட்டியதுதான் சிக்கல். இரண்டு தாள்களாகப் பிரியுங்கள். முதல் தாளில் உணவின் பெயர், வகை, எத்தனை பேருக்கு, செய்முறை. ஒரே செல்லுக்குள் அடுத்த வரிக்குப் போக, கணினியில் ஆல்ட்டும் என்டரும் சேர்த்து அழுத்தினால் போதும்.

இரண்டாம் தாள்தான் உயிர். இதில் ஒரு பொருளுக்கு ஒரு வரிசை: உணவு, பொருள், அளவு, அலகு, எத்தனை பேருக்கு. அளவு செல்லில் எண் மட்டும் இருக்கட்டும். ‘1 கப்’ என்று சேர்த்து எழுதினால் அது எண்ணாகாது, பெருக்கும்போது பிழை காட்டும். அரை என்பதற்கு 0.5 என்றே அடியுங்கள். 1/2 என்று அடித்தால் ஷீட்ஸ் அதைத் தேதியாக எடுத்துக்கொள்ளும். பார்வைக்கு 1/2 என்றே நிற்கலாம். கணக்குப் போட்டால் 40,000-க்கு மேல் ஏதோ எண் வரும்.

இன்று சாப்பிடுபவர்களின் எண்ணிக்கைக்குத் தனியாக ஒரு செல் வையுங்கள். அளவை அந்த எண்ணால் பெருக்கி, ‘எத்தனை பேருக்கு’ எண்ணால் வகுப்பதுதான் சூத்திரம். 4 பேர் சாம்பாருக்கு 100 கிராம் துவரம்பருப்பு என்றால் 10 பேருக்கு 250. சூத்திரத்தில் அந்தத் தனிச் செல்லின் முகவரிக்கு (H1 போன்றது) மட்டும் டாலர் குறி போட்டுப் பூட்டுங்கள் (எஃப்4 விசை). பூட்டாமல் கீழே இழுத்தால் முகவரியும் நகர்ந்து, காலிச் செல்லைப் பெருக்கி வரிசையாக 0 காட்டும். தாளிக்கும் எண்ணெயையும் கொதிக்கவைக்கும் தண்ணீரையும் கணக்கை நம்பி அப்படியே ஊற்றாதீர்கள். தண்ணீர் ஆவியாவது பாத்திரத்தின் வாயைப் பொறுத்தது, ஆள் எண்ணிக்கையை அல்ல.

துவரம்பருப்பு, து.பருப்பு, துவரை என மூன்று விதமாக எழுதினால் ஷீட்ஸின் வடிகட்டியில் (ஃபில்டர்) மூன்று பொருளாக நிற்கும். டேட்டா மெனுவில் டேட்டா வேலிடேஷன் போய், பொருள் பெயர்களைத் தேர்வுப் பட்டியலாக்குங்கள். பிறகு ஃபில்டரில் கத்தரிக்காயைத் தேர்ந்தால் அது சேரும் எல்லா உணவும் வந்துவிடும்.

அம்மா எழுதிய ‘ஒரு டம்ளர்’, ‘எலுமிச்சை அளவு புளி’ ஆகியவற்றை ஊகித்து மாற்ற வேண்டாம். அதே டம்ளரைச் சமையலறைத் தராசில் வைத்து, காட்டும் எடையைப் பூஜ்யமாக்கி, டம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். 1 மில்லி தண்ணீர் ஏறக்குறைய 1 கிராம். 180 காட்டினால் அது 180 மில்லி டம்ளர். புளியை அம்மாவையே உருட்டித் தரச் சொல்லி எடை போடுங்கள்.

வீட்டில் எல்லோருக்கும் பார்க்கும் அனுமதி போதும்; திருத்தும் அனுமதி ஒருவர் இருவருக்கு. சமையலறையில் சிக்னல் கிடைக்காவிட்டால், செல்பேசிச் செயலியில் அந்தக் கோப்பை ஆஃப்லைனில் கிடைக்கும்படி முன்கூட்டியே குறித்துவையுங்கள்.